டப்பாவில் இருக்கும் எண்ணெய், சேஸிஸில் அடிக்கும் எண்ணெய்

மே மாதம் முடியப்போகிறது என்றால் மும்பை கராஜ்களில் ஒரு வேலை சூடுபிடிக்கும். காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, அந்த ஈரம் காய்வதற்குள் ஏர் கன்னில் கறுப்பு எண்ணெயை நிரப்பிச் சரமாரியாக அடிப்பார்கள். "மழைக்குத் துருப்பிடிக்காது சார்." அடிப்பது பெரும்பாலும் வேறு வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயில், கொஞ்சம் டீசல் கலந்திருக்கும். வண்டிக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார். அதே மனிதர் வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவைத் திருப்பிப் பார்த்து, 'பெட்ரோலியம் பேஸ் ஆயில்' என்று இருப்பதைப் படித்ததும், "இது கேன்சர் வருமா?" என்று கேட்பார்.

பயம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, வேண்டாத இடத்தில் வருகிறது.

பேஸ் ஆயில் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தபின் எஞ்சும் கனமான பகுதியைச் சுத்திகரித்து எடுப்பது. மும்பை செம்பூர்க்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சமாசாரம்: மாஹுலில் இருக்கும் எச்பிசிஎல், பிபிசிஎல் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளிலும் இது தயாராகிறது. சென்னையில் மணலியிலும் உண்டு. என்ஜின் ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான். கிரீஸிலும் பெரும்பகுதி இதுதான், சோப்புப் பொருள் சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். மீதி சேர்மானங்கள்.

இதை ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு ஐந்து குரூப்களாகப் பிரிக்கிறது. குரூப் 1 கரைப்பான் கொண்டு சுத்திகரித்தது, கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம், லேசான மஞ்சள், மூக்கருகே கொண்டுபோனால் மெல்லிய வாடை. குரூப் 2, 3 இரண்டும் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்திகரித்தவை. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், வாடை கிடையாது. குரூப் 4 பிஏஓ எனும் செயற்கை எண்ணெய். இவற்றில் அடங்காததெல்லாம் குரூப் 5. வியாபாரிகள் வாயில் வரும் எஸ்என் 150, எஸ்என் 500 எல்லாம் குரூப் 1 எண்ணெயின் தடிமனைச் சொல்பவை. எண் கூடினால் எண்ணெய் தடிப்பு.

இனி கேன்சர் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்தது மூன்றாம் வகுப்பு, அதாவது புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதது. பெயரில் இரண்டுமே 'மினரல் ஆயில்'தான். நடுவில் இருக்கும் வித்தியாசம் பல வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள், சுருக்கமாக பிஏஎச். சுத்திகரிப்பின் வேலையே அவற்றை வெளியேற்றுவது. போதுமான அளவு வெளியேறிவிட்டதா என்று பார்க்க ஐபி 346 என்று ஒரு சோதனை உண்டு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்து வரும் பகுதி எடையில் 3 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், ஐரோப்பிய விதிப்படி அந்த எண்ணெய்க்குப் புற்றுநோய் முத்திரை தேவையில்லை.

இதைக் கடையில் நின்று சோதிக்க முடியாது. ஆனால் தயாரிப்பாளரின் தளத்தில் எஸ்டிஎஸ் எனப்படும் பாதுகாப்புத் தாள் இலவசமாகக் கிடைக்கும். மொத்தம் 16 பிரிவு. நமக்கு வேண்டியது 2 (ஆபத்து), 3 (சேர்மானம்), 4 (முதலுதவி), 9 (இயற்பியல் குணங்கள்) மட்டும். மூன்றாம் பிரிவில் சிஏஎஸ் எண்கள், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய அடையாள எண்கள் இருக்கும். 64742-54-7, 64742-53-6 என்றிருந்தால் ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்த பேஸ் ஆயில். 64742-65-0 என்றால் கரைப்பான் கொண்டு மெழுகு நீக்கியது. அதன் அருகிலேயே 'டிஎம்எஸ்ஓ 3 சதவீதத்துக்குக் குறைவு' என்றோ 'குறிப்பு எல்' என்றோ போட்டிருந்தால் இந்தக் கேள்வியை அதோடு விட்டுவிடலாம். எஸ்டிஎஸ்ஸே இல்லாத, தயாரித்தவர் முகவரியும் இல்லாத லூஸ் ஆயிலை விலை பார்த்து வாங்குகிறவர் இந்தப் பாதுகாப்பு மொத்தத்தையும் கைவிடுகிறார். அது பழைய என்ஜின் ஆயிலை ஆசிட்டும் களிமண்ணும் போட்டு நிறம் வெளுத்ததாகவும் இருக்கலாம். நிறம் வெளுத்ததால் பிஏஎச் போய்விட்டதாக அர்த்தமில்லை.

இன்னொரு குழப்பம் படத்தால் வருவது. சில டப்பாக்களில் சிவப்புக் கட்டத்துக்குள் மனித உருவம், மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு சின்னம் இருக்கும். புற்றுநோய் தரும் பொருளுக்கும் அதே படம்தான், விழுங்கினால் நுரையீரலுக்குள் போகும் பொருளுக்கும் அதே படம்தான். எஸ்டிஎஸ்ஸின் இரண்டாம் பிரிவில் எச்304 என்ற எச்சரிக்கைக் குறியீடு இருந்தால் படம் இரண்டாவது காரணத்துக்காக வந்தது. எச்350 அல்லது (சந்தேகத்துக்குரியது என்றால்) எச்351 இருந்தால்தான் முதலாவது.

எச்304 கேன்சர் இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம். என் கணக்கில் வீட்டில் இருக்கும் எண்ணெய்ப் பொருள்களில் உடனடி ஆபத்து இதில்தான். 40 டிகிரியில் 20.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறைந்த பாகுநிலை கொண்ட ஹைட்ரோகார்பன் எல்லாம் இந்த வகைக்குள் வரும். மண்ணெண்ணெய், ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான், மெல்லிய பேஸ் ஆயில் எல்லாம் இதில் அடக்கம். எஸ்என் 150 சுமார் 30 சென்டிஸ்டோக்ஸ் இருப்பதால் தப்பிவிடும். மெல்லிய திரவம் வயிற்றுக்குள் போவதால் பெரிய கேடு இல்லை. விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ சில துளி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது மிகத் தவறு. தொண்டையில் விரல் விடக் கூடாது, பால் ஊற்றக் கூடாது. வாயைத் துடைத்துவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருமல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறான் என்று வீட்டில் வைத்துப் பார்ப்பதும் கூடாது. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும். மண்ணெண்ணெயோ டீசலோ கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

ஸ்ப்ரே டப்பாவுக்குள் பேஸ் ஆயில் பாதிகூட இருக்காது. டபிள்யூடி-40யை எடுத்துக்கொண்டால், அதன் அமெரிக்க எஸ்டிஎஸ்படி ஏறக்குறைய பாதி ஆவியாகும் கரைப்பான், பேஸ் ஆயில் 35 சதவீதத்துக்கும் குறைவு, வெளியே தள்ளக் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடு. மலிவான பல டப்பாக்களில் தள்ளும் வாயு எல்பிஜி, அதாவது சமையல் கேஸ் இனம். சுத்திகரித்த கனமான பேஸ் ஆயில் தீப்பற்ற 200 டிகிரி சூடு வேண்டும். கரைப்பானுக்கு 60 டிகிரி பக்கத்தில் போதும். எல்பிஜிக்கு ஒரு பொறி போதும். ஆக, தீ விஷயத்தில் அந்த டப்பாவில் மிகச் சாது பேஸ் ஆயில்தான். சைலன்ஸர் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று சூடான எக்ஸாஸ்ட்டில் ஸ்ப்ரே அடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறியபின் அடிக்க வேண்டும். டப்பாவைக் காருக்குள் விட்டுவைக்கவும் கூடாது. 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே இருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் போல, காற்றில் காய்ந்து இறுகும் எண்ணெய்களுக்குத்தான் அந்தக் குணம். மினரல் ஆயில் துணி தானாகச் சூடேறாது. என்றாலும் கரைப்பான் ஊறிய துணியைக் கிச்சன் பக்கம் குவிக்க வேண்டாம்.

கீலுக்கு வருவோம். கதவு கிரீச்சிட்டால் ஸ்ப்ரே அடிக்கிறார்கள், சத்தம் நிற்கிறது, ஜூலையில் திரும்ப வருகிறது. காரணம் மேலே சொன்ன கணக்கே: பாதி ஆவியாகிவிடும், எஞ்சும் படலம் மெல்லியது, மும்பை மழை அதைக் கழுவிவிடும். ஸ்ப்ரேயைக் கழுவுவதற்குப் பயன்படுத்துங்கள், மசகுக்கு வேறு போடுங்கள். கீலின் கீழே ஒரு துணியைப் பிடித்து, கீலின் ஊசி (பின்) நுழையும் மூட்டில் ஸ்ப்ரேயின் குழாயை வைத்து ஒரு நொடி அடிக்கவும். கதவைப் பத்துப் பதினைந்து முறை ஆட்டினால் பழுப்பு நிறத்தில் துருவும் பழைய கிரீஸும் வழிந்து வரும். துடைத்துவிட்டு, வழிவது தெளிவாக வரும்வரை இன்னொரு முறை. கரைப்பான் காய அரை மணி நேரம் விட்டபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் மிளகு அளவு, மூட்டுக்கு ஒன்று. கார் கதவு என்றால், திறக்கும்போது இடையில் நிற்க வைக்கும் பட்டைக்கும் அதன் உருளைக்கும் ஒரு தொடுகை. கிரீஸ் கைவசம் இல்லையென்றால் புது என்ஜின் ஆயில் இரண்டு துளி. வழியும் அளவுக்குப் போட்டால் தூசி பிடித்துக் கறுப்புப் பசையாகிவிடும், அடுத்து உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒட்டும்.

சாவித் துளைக்கு எண்ணெய் வேண்டாம், கிராஃபைட் தூள் போதும். ஆனால் முன்பே எண்ணெய் விட்டிருந்தால் தூளைப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்து களிம்பாகும். பேட்டரி முனையில் பெட்ரோலியம் ஜெல்லி, ஆனால் கிளாம்பை முறுக்கி முடித்த பிறகு வெளிப்புறமாக. சக்கர போல்ட்டில் ஆயிலோ கிரீஸோ தடவிவிட்டு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் போடுவது நல்லெண்ணத்தில் நடக்கும் கெடுதல். கம்பெனி சொல்லும் நியூட்டன் மீட்டர் கணக்கு உலர்ந்த மரைக்கானது. மரை வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் கணிசமாகக் கூடுதலாக இழுபடும். அடுத்த பஞ்சரில் அது முறுகி ஒடிவதற்கான அஸ்திவாரம் இங்கே போடப்படுகிறது.

ரப்பர்தான் பெரிய விஷயம். பெட்ரோலிய எண்ணெயும் எல்லா ரப்பரும் ஒத்துப்போகாது. நைட்ரைல், விட்டான் வகை ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆயில் சீல்கள் அவற்றில் செய்யப்படுவதற்கு அதுவே காரணம். இயற்கை ரப்பரும் இபிடிஎம் எனும் செயற்கை ரப்பரும் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும். நம்பாவிட்டால் சாதாரண ரப்பர் பேண்டு ஒன்றை மூடியில் என்ஜின் ஆயில் ஊற்றி ஊறப்போடுங்கள், இன்னொன்றை வெறுமனே பக்கத்தில் வையுங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எண்ணெயில் கிடந்தது நீண்டு, தடித்து, கொழகொழவென்று இருக்கும். இழுத்தால் சட்டென்று அறும். கதவைச் சுற்றியுள்ள பீடிங், கண்ணாடி இறங்கும் சேனல், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் இந்த இரண்டு ரப்பர்களில்தான் பெரும்பாலும். பவர் விண்டோ இறுகி ஏறுகிறது என்றால் சேனலைத் துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: வண்டி பெயின்ட்டுக்குப் போகப்போகிறது என்றால் சிலிக்கானைக் கையில் எடுக்காதீர்கள். பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழிகள் விழும். பெயின்ட்டர் உங்களை மன்னிக்க மாட்டார்.

பிரேக்கில் இந்த விவகாரம் உயிர்ப் பிரச்சினை. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் என்று பெயரில்தான் ஆயில். அது கிளைகால் வகைத் திரவம், பெட்ரோலியத்தோடு உறவே கிடையாது. அதற்கேற்ப உள்ளே இருக்கும் சீல்கள் இபிடிஎம். ரிசர்வாயரில் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ தவறி ஊற்றினால் சீல்கள் ஊதி, பெடல் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும், இல்லையென்றால் பிடிக்காமலே போகும். முதல் அடையாளம் ரிசர்வாயர் மூடியின் ரப்பர்: ஊதி நெளிந்து, மூடிக்குள் உட்காராது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ரிசர்வாயரிலிருந்து சில துளி விட்டுக் கலக்குங்கள். பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய் இருந்தால் மேலே கண்ணாகக் கண்ணாக மிதக்கும். மிதந்தால் வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோக வேண்டும். திரவத்தை மட்டும் மாற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்; மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று எண்ணெய் தொட்ட ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும், ஏபிஎஸ் யூனிட்டும் தப்பாது. செலவு கண்ணைக் கட்டும், வேறு வழியில்லை. காலிப்பர் ஸ்லைடு பின்னிலும் சாதாரண கிரீஸ் கூடாது. அதற்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

இப்போது அந்தக் கறுப்பு எண்ணெய். ஓடிய என்ஜின் ஆயில் பேஸ் ஆயில் அல்ல, பேஸ் ஆயிலின் மிச்சம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் பிஏஎச் பிஸ்டன் வளையம் தாண்டி எண்ணெயில் சேர்ந்துகொண்டே போகும். சுத்திகரிப்பு ஆலை வெளியேற்றியதை என்ஜின் திரும்ப உள்ளே போடுகிறது. பெட்ரோல் வண்டியின் பழைய எண்ணெயைச் சுண்டெலிகளின் தோலில் தடவிய சோதனைகளில் புற்றுக் கட்டிகள் வந்திருக்கின்றன. அதைப் பனிமூட்டமாக்கி, முகமூடி இல்லாத பையன் லிஃப்ட்டின் கீழ் நின்று மூச்சில் இழுக்கிறான். சுத்தமான மினரல் ஆயில் பனிமூட்டத்துக்கே அமெரிக்கத் தொழிலாளர் விதி வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம்தான்.

வண்டிக்காவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. பழைய எண்ணெயில் அமிலம், ஈரம், எரியாத பெட்ரோல் எல்லாம் இருக்கும். ஈரம் காயாத இரும்பின் மேல் அடித்தால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. சஸ்பென்ஷன் புஷ் ஊதிப்போகும்; சில மாதத்தில் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' சத்தம். டிஸ்க்கில் தெறித்தால் பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துவிடும், அந்தப் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். என்ஜினிலோ கியர்பாக்ஸிலோ உண்மையான கசிவு வந்தால் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே கறுப்பு. முதல் கனமழையில் பாதி எண்ணெய் ரோட்டில் கரைந்து இறங்கும். பின்னால் வரும் பைக்காரர் அதில் வழுக்குவார்.

துருவுக்கு உருப்படியாகச் செய்ய வேண்டுமென்றால் மழைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அடிப்பகுதியைக் கழுவி ஒரு முழு நாள் காயவிடுங்கள். வெல்டிங் விளிம்புகளிலும், சக்கர வளைவின் மடிப்பிலும், ஜாக் வைக்கும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரக் காற்றில் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கண்ட துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, காய்ந்தபின் அண்டர்பாடி கோட்டிங். கதவுக்கும், கதவின் கீழே ஓடும் சில் எனும் படிப்பகுதிக்கும் உள்ளே கேவிட்டி வேக்ஸ், நீண்ட குழாய் வழியாக. இதுவும் மெழுகும் பெட்ரோலிய எண்ணெயும் கரைப்பானும் கலந்ததுதான், ஆனால் புதியது, ஒட்டி நிற்பது. சின்ன ஹேட்ச்பேக்குக்கு 500 மில்லி டப்பா ஒன்றில் தொடங்குங்கள், மிச்சம் வராது. டிஸ்க், எக்ஸாஸ்ட், ரப்பர் புஷ், டிரைவ்ஷாஃப்ட் பூட், சிஎன்ஜி குழாயின் இணைப்புகள் இவற்றைப் பேப்பரும் டேப்பும் கொண்டு மூடிவிட்டு அடிக்க வேண்டும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்து விடுங்கள். கோட்டிங் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகும்.

கை விஷயத்தில் மெக்கானிக்குகளின் ஒரு பழக்கம் பயமுறுத்துகிறது: எண்ணெய்த் துணியை பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்வது. நாள் முழுக்க அது துணி வழியாகத் தொடையிலும் இடுப்புக்குக் கீழும் ஊறும். இங்கிலாந்து லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திரத்தில் குனிந்து வேலை செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வந்ததற்கும் காரணம் இதே வழிதான்: அன்றைய அரைகுறை எண்ணெய், நனைந்த துணி, வருடக்கணக்கான தொடர்பு. துணியை பெல்ட்டில் கொக்கி போட்டு வெளியே தொங்கவிடலாம், அதைவிட நல்லது பேப்பர் டவல். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். மருந்துக்கடை லேடெக்ஸ் கையுறை அந்த ரப்பர் பேண்டுக்கு ஆன கதிதான். கையை பெட்ரோலில் கழுவினால் தோலின் கொழுப்பும் சேர்ந்து போய் வெடிப்பும் எரிச்சலும் வரும், அந்த வெடிப்பு வழியாக அடுத்த எண்ணெய் இறங்கும். தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன் தேய்த்துக் கறுப்பு இளகியபின் பாத்திர சோப்பால் கழுவினால் போதும்.

டாக்ஸியோ டெம்போவோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கிரீஸ் கன் முனையில் விரலை வைக்காதீர்கள். பல ஆயிரம் பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதே நாளில், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். டாக்டரிடம் "குத்திவிட்டது" என்று சொல்லாமல் "கிரீஸ் கன் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவு மிஞ்சும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. நாலா எனும் சாக்கடைக் கால்வாயில் ஊற்றினால் மித்தி ஆற்றுக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகும். புது ஆயில் வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி மூடுங்கள். கூலன்ட், பிரேக் திரவம், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுத்திகரிப்பு செய்பவர் வாங்க மாட்டார். ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டால் அதிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டர் எது என்று கேட்டு அங்கே ஒப்படையுங்கள். 2024 ஏப்ரல் முதல் லூப்ரிகன்ட் தயாரிப்பாளர்களுக்கே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு வந்திருக்கிறது, ஆகவே பெரிய சர்வீஸ் சென்டர்களில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: அது டிரம்முக்குள் போகிறதா, இல்லை அடுத்த வண்டியின் அடியில் அடிக்க ஏர் கன்னுக்குள் போகிறதா.